தண்ணீர் நின்ற தொட்டி

பாலிக்பாப்பான்
6 ஆகஸ்ட் 2003

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாளை சரக்குப் படகு கிளம்புகிறதாம், அதனால் அவசரமாக எழுதுகிறேன். யாயுக் அண்ணியோடு போனில் பேசினேன். ஐந்தாம் மாதம், புளிப்பும் காரமுமாய்ப் பழத்துண்டு ருஜாக் வேண்டுமென்று அம்மாவைப் பாடாய்ப் படுத்துகிறாராம்.

உங்கள் முகாமுக்குத் தொட்டி தேர்வு செய்யும் வேலை இங்கே கம்பெனி அலுவலகத்தில் என்னிடம் வந்திருக்கிறது. எண்ணெய்க் கிணறு சீறாமல் அமுக்கி வைக்க ஊற்றுகிறீர்களே, அந்தக் கால்சியம் குளோரைடு கரைசலுக்கு. பழைய இரும்புத் தொட்டியை அது தின்றுவிட்டது என்று எழுதியிருந்தாய். எவர்சில்வர் தொட்டி விற்கிறவர் தினமும் வந்து உட்காருகிறார். அந்த உப்பும் சூடும் சேர்ந்தால் அதுவும் வெளியே தெரியாமல் விரிசல் விடும். கனமான திரவத்துக்கென்றே தடிமனாக வார்த்த பிளாஸ்டிக் தொட்டி கேட்டிருக்கிறேன். இறுக்கமான மூடியோடு, இல்லையென்றால் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்தே நீர்த்துப் போகும். விலையைப் பார்த்து மேலாளர் ஹெர்லம்பாங் ஐயா முகம் சுளித்தார்.

கலக்கும்போது எவ்வளவு சூடாகிறது? தொட்டுப் பார்க்காமல் சொல்.

உன் தங்கை,
வினார்னி

✦

சுங்கை லாயாங் முகாம்
24 ஆகஸ்ட்

தங்கச்சி வினார்னிக்கு,

புதிதாய்க் கலக்கின டிரம்மில் முட்டையை அவித்துவிடலாம் போலிருக்கிறது. கீழே சிந்தினது எந்த வெயிலிலும் காய்வதில்லை. என் தோல் பூட்ஸ் சுருங்கிப் போய், பிறக்கப் போகிற பிள்ளைக்குச் சரியாக இருக்கும்.

தொட்டிகள் வந்துவிட்டன. நீ எழுதினது இல்லை. வீட்டு மேலே தண்ணீருக்கு வைப்போமே, அதே ஆரஞ்சுத் தொட்டி. மேடை கட்டி ஏற்றினோம், வால்வு கீழே. ஒரு வாரம் தண்ணீர் நிரப்பி வைத்தார்கள். ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஹெர்லம்பாங் ஐயா படகில் வந்து, துவா ஓதி, விசேஷத்துக்கு வைக்கிற மஞ்சள் சோற்றுக் கோபுரத்தை வெட்டினார். எல்லாருக்கும் கோழி.

சாப்பிட்டதும் என் தோளில் கை போட்டு ஓரமாய்க் கூட்டிப் போனார். "இந்தத் தொட்டியே போதும்னு உன் தங்கச்சி தாள்ல கையெழுத்துப் போட்டா, அடுத்த மாசமே நீ நிரந்தரம்டா." யோசித்துப் பார். இத்தனை வருஷம் ஒப்பந்தக் கூலி. என் பிள்ளையாவது ஆஸ்பத்திரியில் பிறக்கட்டும்.

போட்டுவிடு.

வர்சித்தோ

✦

பாலிக்பாப்பான்
2 செப்டம்பர்

அண்ணா,

போட மாட்டேன். கோபப்படுவதற்கு முன் இதைப் படி.

அந்தக் கரைசல் தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம். தண்ணீர் நின்றதால் அது நிற்கும் என்பது, ஒரு பிள்ளையைத் தாங்கிய கிளை மூன்று பேரைத் தாங்கும் என்பது போல. அதுவும் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் அந்தப் பிளாஸ்டிக் இளகிவிடும். வால்வைத் திறக்க அதன் அடியில் நிற்பது நீ.

இதையெல்லாம் ஹெர்லம்பாங் ஐயாவிடம் சொன்னேன். அதுவும் தண்ணிதானேம்மா என்றார். "அப்போ தொட்டிக்கு அடியில நாற்காலி போட்டு நீங்க உக்காருங்க. கையெழுத்துப் போடறேன்" என்றேன். அவர் சிரித்தார்.

"உக்காரத்தான் உன் அண்ணன் இருக்கானே."

மறைக்காமல் எழுதுகிறேன். அறையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நமக்கு நிரந்தர வேலை என்று அவர்கள் நீட்டுவது இதைத்தான்.

தடித்த தொட்டி வரும்வரை கரைசலை அந்த ஆரஞ்சுத் தொட்டியில் ஏற்ற விடாதே. உன்னால் முடியாது என்று தெரியும். என் கையெழுத்து இல்லாமல் அவர்களாலும் ஏற்ற முடியாது, அதனால்தான் தாளை என் மேசையிலேயே வைத்திருக்கிறேன்.

வினார்னி

✦

சுங்கை லாயாங் முகாம்
5 அக்டோபர்

வினார்னி,

உன் தாள் ஜெயித்துவிட்டது. புதுத் தொட்டிகளுக்குச் சொல்லியாகிவிட்டதாம். அந்தச் செலவை ஈடுகட்ட ஆள் குறைக்கிறார்களாம். முதல் பெயர் என்னுடையது. மாதக் கடைசியில் படகு ஏறுகிறேன்.

ஆரஞ்சுத் தொட்டியைக் குளிக்கிற தண்ணீருக்கு வைத்திருக்கிறோம். கல்லு மாதிரி நிற்கிறது. குளித்துவிட்டு வருகிறவனெல்லாம் என்னைக் கேட்கிறான்: "ஏன்டா, உன் தங்கச்சி வெடிக்கும்னாளே, எப்ப? துண்டோட ஓடணுமா, துண்டில்லாமலா?" நானும் சேர்ந்து சிரிக்கிறேன். வேறு என்ன செய்ய?

உன்னைப் படிக்க வைக்கத்தான் இந்தக் காட்டுக்கு வந்தேன். படித்ததை என் மேலேயே காட்டிவிட்டாய். ஒருவேளை நீ சொன்னது சரியாகவே இருக்கலாம். அதை யாயுக்கிடம் நீ போய்ச் சொல். என்னால் முடியாது.

இனி எழுதாதே.

வர்சித்தோ

✦

பாலிக்பாப்பான்
14 நவம்பர்

அண்ணா,

ஊர் முகவரிக்கு இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை.

புதுத் தொட்டிகளை நேற்று துறைமுகத்தில் பார்த்தேன். கறுப்பு, தடித்த சுவர். தட்டினால் கையில்தான் வலி. அதே படகில் உன் வேலைக்கு ஒருவன் போகிறான், உன்னைவிடக் குறைந்த கூலிக்கு. தொட்டியையும் அவனையும் ஒரே தாளில் எழுதியிருந்தார்கள். படகில் ஏற்றியதற்கு அத்தாட்சியாக என்னிடம் நீட்டினார்கள். தொட்டிக்கு நேராக மட்டும் கையெழுத்துப் போட்டேன். அதனால் அவன் போவது நிற்கவில்லை.

என்னைக் கோப்பு அடுக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். வேறு வேலை தேடுகிறேன்.

அண்ணிக்குத் தனியாக எழுதினேன், எதையும் மழுப்பவில்லை.

நோன்பு முடிந்து லெபாரான் பெருநாளுக்கு ஊருக்கு வருகிறேன். எல்லா வருஷமும் போல உன் முன்னால் மண்டியிடுவேன். உன் கையைப் பிடித்து, தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்பேன். இந்த ஒன்றைத் தவிர.

கையைக் கொடுப்பதும் கொடுக்காததும் உன் விருப்பம்.

உன் தங்கை,
வினார்னி