மை பால், அக்கா

ஜூலை 14, திங்கள்

இன்றும் பந்து நடுவில்தான் விழுந்தது. சங்கீதாவுக்கும் ஏஞ்சலுக்கும் நடுவில், இருவரில் யார் கை நீட்டியிருந்தாலும் எட்டியிருக்கும். சங்கீதா என்னோடு மூன்றாமாண்டு. ஏஞ்சல் முதலாமாண்டு, எங்கள் கல்லூரி வாலிபால் அணியின் லிபரோ. தரையோடு வரும் பந்தை எடுப்பதற்கென்றே அணியில் இருக்கிறவள். அவள் என்ன செய்தாள்? "அக்கா, நீங்க எடுத்துக்கோங்கக்கா" என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் பந்து விழுந்து, உருண்டு, சைக்கிள் ஸ்டாண்டுக்கே போய்விட்டது.

எனக்கு ஏன் இப்படிப் பற்றிக்கொண்டு வருகிறது? நான் செட்டர். முதல் பாஸ் என் தலைக்கு மேல் வந்தால்தான் அடிக்கிறவளுக்கு நான் தூக்கிக் கொடுக்க முடியும். பாஸே வராவிட்டால் நான் வலைக்குப் பக்கத்தில் நட்ட கம்பம். செப்டம்பரில் மண்டலப் போட்டி. பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்க அங்கேதான் வருவார்கள். எனக்கு இதுதான் கடைசி வருஷம்.

ஜூலை 16

காலையில் ஓடலாம் என்று வெளியே வந்தால் தெரு நீளத்துக்குத் தறிக்கான பாவு நூலை இழுத்துக் கட்டி வைத்திருக்கிறார்கள். பிள்ளையார்பாளையத்தில் பிறந்தவளுக்கு ஓட்டம் ஒரு கேடா? சரி, வீட்டுக்குள் சுவரில் பந்து தட்டலாம் என்றால் தறியிலிருந்து அம்மா: "ஜீவிதா! பந்து மட்டும் பட்டு மேல பட்டுச்சு, பந்தையும் உன்னியும் சேத்துத் தூக்கி வெளிய போட்டுடுவேன்."

போய்ப் படுத்துக்கொண்டேன்.

ஜூலை 22

எங்களுக்குப் பயிற்சி கொடுக்கும் உடற்கல்வித் துறை மஹாலட்சுமி மேடம் வகுப்பில் ஃபைவ்-ஒன் ஆட்டமுறை. ஒரே செட்டர், மற்ற ஐந்து பேரும் அடிக்கிறவர்கள். பின்வரிசையில் அடிக்கிறவளுக்குப் பதில் லிபரோ இறங்குவாள். "எடுக்கறவ மை பால்னு கத்தணும். மத்தவ விலகணும். அவ்ளோதான்மா, ஒரே மூச்சு" என்றார். ஏஞ்சல் அதை அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டாள்.

மைதானத்தில்: "மை பால்க்கா... எடுக்கட்டுங்களாக்கா?"

அனுமதி கேட்கிறாள்! பந்து காத்திருக்குமா?

ஜூலை 24

ஏஞ்சலுக்கு வாயே இல்லை என்றல்லவா நினைத்திருந்தேன். மாலை மாகறல் பஸ்ஸில் ஏறி நின்றுகொண்டு கண்டக்டரை ஒரு பிடி பிடித்துக்கொண்டிருந்தாள். "ஸ்டாப்பு அங்க இருக்குது, நீங்க பாட்டுக்கு இங்க நிறுத்தினா நாங்க பையத் தூக்கிக்கினு ஓடியாரணுமா?" பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. ஜன்னல் வழியாகக் கேட்டேன், மைதானத்தில் இந்தத் தொண்டை எங்கே போகிறது என்று.

"அவரு சீனியர் இல்லியேக்கா."

ஜூலை 25

ராத்திரியெல்லாம் அந்தப் பதில்தான். எங்கள் துறையில் மூன்றாமாண்டு தண்ணீர் குடித்து முடிக்கும்வரை முதலாமாண்டு குழாயைத் தொடக்கூடாது. மாடிப்படியில் எதிரே வந்தால் சுவரோரம் ஒதுங்க வேண்டும். நாங்களும் ஒதுங்கினவர்கள்தான். நாளெல்லாம் ஒதுங்கச் சொல்லிவிட்டு சாயங்காலம் பந்து வரும்போது மட்டும் முந்து என்றால் அவள் எப்படி முந்துவாள்?

இன்று குழாயடியில் சொல்லிவிட்டேன்: யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் குடிக்கலாம்.

சங்கீதா முறைத்தாள். "உனுக்கு பாஸ் ஒழுங்கா வர்றதுக்கு எங்க மரியாதையை ஏன்பா விக்கிற?"

நியாயமான கேள்விதான். எனக்கு பாஸ் வேண்டும்.

ஆகஸ்ட் 6

ஏஞ்சல் கூப்பிட்டாள்! பின்வரிசையில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பந்து. "மை பால்!" அக்கா கிடையாது, ப்ளீஸ் கிடையாது.

நான் விலகினேனா? இல்லை. நானும் பாய்ந்தேன். அவள் தோள் என் மூக்கில். ரத்தம். அதோடு விட்டேனா? "கண்ணு தெரியல? சீனியர் வர்றேன்ல!" என்று கத்தினேன். நான்தான். இந்த வாயால்தான்.

மேடம் கேட்டது ஒன்றே ஒன்று. "யாரும்மா கூப்டது?"

கூப்பிட்டது ஏஞ்சல். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

ஆகஸ்ட் 7

மூக்கு போண்டா மாதிரி இருக்கிறது. ஏஞ்சல் பழையபடி "நீங்க எடுங்கக்கா". ஒரு வார்த்தையில் எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டேன். தலையில் அடித்துக்கொள்ளலாம் என்றால் மூக்கு வலிக்கிறது.

ஆகஸ்ட் 12

மேடத்திடம் கேட்டு ஏஞ்சலும் நானும் மட்டும் நின்றோம். மேடம் நடுவில் பந்து போடுவார். அவள் கூப்பிட வேண்டும். நான் விலகி வலைக்கு ஓட வேண்டும். அவளுக்குக் கூப்பிடுவது எவ்வளவு கஷ்டமோ எனக்கு விலகுவது அவ்வளவு கஷ்டம். மூளை சரி என்கிறது, கால் பந்துக்குப் போகிறது. இரண்டு பேரும் திட்டு வாங்கினோம். சேர்ந்து வாங்கினதில் அவள் கொஞ்சம் சிரித்தாள்.

ஆகஸ்ட் 29

இன்று அவள் கூப்பிட்டதும் திரும்பிப் பார்க்காமல் வலைக்கு ஓடினேன். பந்து வந்தது.

செப்டம்பர் 10, புதன்

மண்டலப் போட்டி. கடைசி செட், ஜெயிக்க எங்களுக்கு இன்னும் ஒரே ஒரு புள்ளி. வலையில் கை தூக்கி மறித்த எங்கள் பிளாக்குக்குப் பின்னால் மெல்லத் தட்டிப் போட்டாள் எதிரணிக்காரி. அதே நடு. "மை பால்!" ஏஞ்சல் கத்தியது மைதானத்துக்கு வெளியிலும் கேட்டிருக்கும். நான் வலைக்கு ஓடிவிட்டேன். பந்து என் நெற்றிக்கு மேல் வந்து நின்ற மாதிரி இருந்தது. சங்கீதாவுக்குத் தூக்கினேன். அடித்தாள். ஜெயித்தோம்.

பிறகு தேர்வாளர் பெயர் படித்தார். செட்டர்: வேறு கல்லூரிப் பெண். லிபரோ: ஏஞ்சல்.

நான் கை தட்டினேன். தட்டினேன்தான்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது ஏஞ்சல் வந்தாள். "அக்கா, நான் பஸ்ட் இயர்தானே, அடுத்த வருசம் போய்க்கிறேன். என் எடத்துல நீங்க போங்கக்கா."

"லிபரோ எடத்துல செட்டர் எப்டிடி போவா? இத்தினி நாள் இன்னாத்தடி படிச்சே?"

அவள் அழுதாள். நானும். அவள் மேல் கோபமா, அந்தத் தேர்வாளர் மேலா? தெரியவில்லை. வலித்தது, அவ்வளவுதான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

பல்கலைக்கழக அணியைப் பயிற்சி முகாமுக்குக் கூட்டிப்போகும் வேன் பேருந்து நிலையத்திலிருந்து கிளம்புகிறது. போகக்கூடாது என்று இருந்தேன். போனேன். மற்ற கல்லூரி சீனியர்கள் ஏறிக்கொண்டிருக்க, ஏஞ்சல் பையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்று எல்லாருக்கும் வழிவிட்டுக்கொண்டிருந்தாள். இடமே இல்லாமல் போகும் போல. எனக்குத் தாங்கவில்லை.

"ஏஞ்சல்! பந்து!"

"மை பால்!" என்று கத்திவிட்டாள். பூக்காரம்மா கூடத் திரும்பிப் பார்த்தார். இரண்டு சீனியர்கள் தன்னால் விலகினார்கள். ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கை ஆட்டினாள்.

செப்டம்பர் 15

இன்று குழாயடியில் பெயர் தெரியாத ஒரு முதலாமாண்டு எனக்கு முன்னால் குடித்தாள். நிதானமாக, முகம் வேறு கழுவினாள். நின்றேன். எரிச்சலாகத்தான் இருந்தது.