அக்கா நறுக்கிக் கொடுத்த பழம்

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் உன் மனைவியும் பிள்ளையும் சௌக்கியம்தானே? இங்கே எல்லோரும் நலம் என்று அடுத்த வரியை எழுதப் போனேன், கை நின்றுவிட்டது. பெரியக்காவைப் பார்க்கிற யாரும் நலம் என்றுதான் சொல்வார்கள். அதுதான் தொல்லையே.

போனில் சொல்லலாம் என்று பார்த்தேன். நான் உன்னோடு பேசுவது தெரிந்தால் போதும், அக்கா ஓடி வந்து போனைப் பிடுங்கி, நீ இளைத்துவிட்டாயா என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுகிறாள். அதனால் ஆய்வகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரு பத்தி முடிவதற்குள் எழுந்து போய் இன்குபேட்டர் கதவைத் திறந்து பார்க்கிறேன். பாக்டீரியா வளர்வதை நின்று பார்க்க முடியாது என்று மாணவர்களைத் திட்டுகிறவள் நான்.

விஷயத்துக்கு வருகிறேன். அக்கா சமைக்கிற பெண்கள் விடுதியில் டைபாய்டு. முதலில் ஒருத்திக்கு வந்தபோது சாதாரணக் காய்ச்சல் என்று விட்டுவிட்டார்கள். அப்புறம் அவளோடு அறையில் இருந்தவர்கள், அப்புறம் மேல்மாடி. ஒரு பெண்ணுக்குக் குடலில் ஓட்டையே விழுந்து அவசரமாக ஆபரேஷன் செய்தார்கள். அக்கா 'வாயாடி' என்று கூப்பிடுவாளே, அந்தப் பெண். பேச்சு சுவாரசியத்தில் எல்லோருக்கும் கடைசியாகச் சாப்பிட்டு எழுந்திருக்கிறவள். தண்ணீர்த் தொட்டியைக் கழுவினார்கள், குழாயைத் தோண்டிப் பார்த்தார்கள். தண்ணீரில் ஒன்றும் இல்லை.

பிறகு சுகாதார அதிகாரி சமையலறையில் இருக்கிற எல்லோரிடமும் மலப் பரிசோதனைக்கு டப்பா கொடுத்தார். அக்கா வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "படிச்ச மனுஷன், இஸ்திரி போட்ட சட்டையோட வந்து நின்னு இதையா கேக்கணும்? பாவம், என்ன தலையெழுத்தோ!" என்றாள். டப்பாக்கள் எங்களிடம்தான் வந்தன. பெயர் கிடையாது, எண் மட்டும். முதல் தடவை எதிலும் கிருமி இல்லை. சிலருடைய உடம்பிலிருந்து அது தினமும் வெளியே வராது, மறுபடியும் வாங்குங்கள் என்று பிடிவாதம் பிடித்தவள் நான்தான். மறுபடியும் வாங்கினார்கள். ஒரு டப்பாவிலிருந்து வளர்ந்தது. வாயாடியின் ரத்தத்தில் இருந்த அதே கிருமி. இரண்டின் மரபணுவையும் எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்த்தோம், துளி வித்தியாசம் இல்லை. சந்தோஷத்தில் எல்லோருக்கும் டீ வரவழைத்தேன் தம்பி. அதிகாரி வந்து அந்த எண்ணுக்கு உரியவரின் பெயரைப் படித்தபோது டீ என் கையில் ஆறிக்கொண்டிருந்தது.

நான் என்ன ஆராய்ச்சி செய்கிறேன் என்று நீ கேட்கும்போதெல்லாம் 'காய்ச்சல் கிருமி' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவேன். இப்போது கொஞ்சம் பொறுமையாகப் படி. இந்தக் கிருமி சாப்பாட்டோடு உள்ளே போகும். குடலின் சுவரைத் தாண்டும். தன்னைக் கொல்ல வருகிற ரத்த அணுக்களுக்குள்ளேயே ஒளிந்துகொண்டு கல்லீரலுக்கும் பித்தப்பைக்கும் போய்ச் சேரும். பெரும்பாலும் உடம்பு அதைத் துரத்திவிடும், இல்லாவிட்டால் அது ஆளைச் சாய்த்துவிடும். சிலருக்குப் பித்தப்பையில் கல் இருக்கும். அந்தக் கல்லில் ஒட்டிக்கொண்டு, மேலே பசை மாதிரி ஒரு படலத்தைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். மருந்து அதற்குள் எளிதில் போகாது. ஆளுக்கு ஒரு தலைவலி கூட இருக்காது. அவ்வப்போது கொஞ்சம் உதிர்ந்து வெளியே வரும், அவ்வளவுதான். ஓர் உடம்பைக் கொளுத்துகிற கிருமி இன்னோர் உடம்பில் ஏன் சாதுவாகக் கிடக்கிறது என்றுதான் இத்தனை வருஷமாக மண்டையை உடைத்துக்கொள்கிறேன். அந்த இன்னோர் உடம்பு என் வீட்டிலேயே, சாப்பிட வா, சாப்பிட வா என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

இத்தனை காலம் சமைத்தாளே, இப்போது மட்டும் எப்படி என்று கேட்பாய். நானும் கேட்டேன். கொதித்த பண்டத்தில் கிருமி தங்காது. இந்த வருஷம் பரீட்சை சமயத்தில், யாரும் சொல்லாமலே, அக்கா பெண்களுக்குப் பழம் நறுக்கிக் கொடுக்க ஆரம்பித்திருக்கிறாள். "கண்ணு முழிச்சுப் படிக்கற பொண்ணுங்க, உடம்புல தெம்பு வேணாமா?" என்றாளாம். நல்ல மனசு. அந்த நல்ல மனசு வழியாகத்தான் போயிருக்கிறது.

பெயர் தெரிந்த அன்றைக்கு நான் வீட்டுக்குப் போனபோது, அக்கா ஆஸ்பத்திரியில் இருக்கிற வாயாடிக்கு எடுத்துப் போக ஒரு டப்பா நிறையப் பழம் நறுக்கி வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். டப்பாவை வாங்கினேன். "உனக்குத் தனியா வெச்சிருக்கேன்டி, இது அவளுக்கு" என்றாள். அப்படியே குப்பையில் கொட்டினேன். கிருமி அவள் கை வழியாகத்தான் போயிருக்கிறது என்று சொல்லவும் செய்தேன். முதலில் சிரித்தாள். பிறகு கோபம் வந்தது. "நான் கை கழுவாதவளா? என் சமையல்கட்டுல ஒரு ஈ நுழைஞ்சிருக்குமா?" என்று கேட்டாள். அவள் சுத்தத்தை எந்த ஆய்வகமும் கடன் வாங்கலாம், உனக்கே தெரியும். ஆனால் நாள் முழுக்க ஆயிரம் கை வேலை செய்கிறவளுக்கு ஒரே ஒரு தடவை அவசரம் வந்தால் போதுமே. அன்று சோப்புப் போட்டுப் போட்டு விரல்கள் சிவந்து போகும்வரை தேய்த்தாள். நான் தடுக்கவில்லை. தடுக்கத் தெரியவில்லை.

வாயாடி பிழைத்துவிட்டாள். இப்போது வார்டில் யாரையும் தூங்க விடுவதில்லை என்று நர்ஸ் சலித்துக்கொள்கிறாராம். மற்ற பெண்களும் தேறிவிட்டார்கள். அக்கா மட்டும் அங்கே எட்டிப் பார்க்கவில்லை. வீட்டிலும் சமையலறைக்குள் நுழைவதில்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், அவை வேறு யாருடையவையோ போல. நான்தான் சமைக்கிறேன். என் சமையலின் லட்சணம் உனக்குத் தெரியும். ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறாள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பித்தப்பையை எடுத்துவிட்டு, கூடவே மருந்தும் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும், அதற்குப் பிறகு தாராளமாகச் சமைக்கலாம் என்கிறார் டாக்டர். முடியவே முடியாது என்று இருந்தவள் போன வாரம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, தலையைத் தூக்காமலே, "அப்போ குட்டி?" என்று கேட்டாள்.

நம் குட்டிதான். அம்மா போன பிறகு அக்கா இடுப்பை விட்டு இறக்காமல் வளர்த்த நம் கடைசித் தங்கை. முதலில் அக்கா காய்ச்சலில் படுத்து எழுந்தாள். எழுந்ததும் அடுப்பையும் நம்மையும் மறுபடி கையில் எடுத்துக்கொண்டாள். கொஞ்ச நாள் கழித்து உனக்கும் குட்டிக்கும் வந்தது. நீ எழுந்துவிட்டாய், அவள் எழவில்லை. எனக்கு ஒன்றும் வரவில்லை. எனக்கு ஏன் வரவில்லை என்று அந்த வீட்டு மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டவள்தான், இன்னும் அதையே கேட்டுக்கொண்டு இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

அது வேறு காய்ச்சல் என்று அக்காவிடம் சொன்னேன். நிஜமாகவா என்றாள். நிஜமாக என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு, "சரி, ஆபரேஷனுக்கு நாள் பாத்துடு. அந்தக் கல்ல உங்கிட்டயே குடுக்கச் சொல்லு. அது எத்தன வருஷமா உள்ள குடியிருக்குன்னு உனக்குப் பாக்கத் தெரியும்ல?" என்றாள். நானும் எங்கள் ஆய்வக இயக்குநரும் போனில் பேசியது காதில் விழுந்திருக்க வேண்டும். ஆமாம், பார்க்கலாம். கிருமியின் மரபணு காலப்போக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மாறும், அதை வைத்து உத்தேசமாகக் கணக்குப் போடலாம். இப்படி ஒரு கல் கிடைப்பது அபூர்வம், விட்டுவிடாதே என்கிறார் இயக்குநர். கெட்டவர் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்வேன். அதை ஆஸ்பத்திரிக் கழிவோடு எரித்துவிடட்டும் என்று காலையில் முடிவு செய்கிறேன். மத்தியானம் பார்த்தால் அதை வாங்கி வைக்கிற குப்பிகளை நானே துடைத்து அடுக்கிக்கொண்டிருக்கிறேன். பார்த்தால், குட்டி இருந்த நாளிலேயே அது அங்கே இருந்ததா என்று எனக்குத் தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்தால் அக்காவுக்கும் தெரிந்துவிடும். அவளுக்கு மரபணு தெரியாது, என் முகம் தெரியும்.

நீ கிளம்பி வா. லீவு கிடைக்காது என்று சொல்லாதே. ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு நாளாவது அவள் பக்கத்தில் இரு. குட்டியின் காய்ச்சலைப் பற்றி உன்னிடமும் கேட்பாள். நீ அப்போது சின்னப் பையன், உனக்கு எதுவும் ஞாபகம் இல்லை. அப்படியே இருக்கட்டும்.

இன்னொன்று. கிளம்புவதற்கு முன் அங்கே நல்ல ஆஸ்பத்திரியாகப் பார்த்து நீயும் மலப் பரிசோதனை செய்துகொள். ஒரு தடவை இல்லை என்று சொன்னால் விட்டுவிடாதே, திரும்பத் திரும்பச் செய்யச் சொல். பித்தப்பையையும் ஸ்கேன் எடுத்துப் பார். ஏன் என்று என்னைக் கேட்காதே, அக்காவிடம் மூச்சு விடாதே. முடிவு வரும்வரை பிள்ளைக்கு உன் மனைவியே ஊட்டட்டும். நீ ஊட்டாதே, என் கண்ணல்லவா.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் வரவுக்காகக் காத்திருக்கும்
சின்னக்கா