குவாரிக்கு வராத தோட்டா

வேடந்தாங்கல்
9.11.2025

அன்புள்ள செல்விக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்பது இன்றைக்குப் போனிலேயே தெரிந்துவிட்டது. பேசியது ஸ்வாதிதான், நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். உங்கள் படைப் பயிற்சி மையத்தில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போனைக் கையில் கொடுக்கிறார்கள். அந்த அரை மணி நேரத்தையும் உன் மகள் முழுசாக விழுங்கிவிடுகிறாள். தாலி கட்டியவனுக்கு மிச்சம் இந்தத் தபால்தான். அதுவும் நல்லதுதான். அவள் காதுபட எழுத முடியாததையெல்லாம் இதில் எழுதிக்கொள்கிறேன்.

ஏரி நிரம்பிவிட்டது. நாரைகள் வந்து கடப்ப மரங்களில் குச்சி சேர்க்கத் தொடங்கிவிட்டன. வேனுக்கு ஓயாத ஓட்டம். செங்கல்பட்டு ஸ்டேஷனில் இறங்குகிற ஜனம் கழுத்தில் ஆளுக்கொரு கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு ஏறுகிறது. அக்கா பார்வதம் வீட்டில் ஸ்வாதிக்கு மூன்று வேளையும் சோறு. இளைத்துப் போனாளோ என்று நீ கவலைப்பட வேண்டியதில்லை, கவுன்தான் இறுக்கமாகிவிட்டது.

இப்போது ஊர் நியாயம். மத்தியப் படைகளுக்குக் கோடிக்கணக்கில் தோட்டா வாங்கப் போகிறார்களாமே. ஒரு வாரமாக டிவியில் அதே சண்டை. சரோஜா அக்காவின் டீக்கடையில் நான் போய் நின்றாலே பேச்சு அடங்கி எல்லாரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள், ஏதோ நான்தான் வீட்டில் தோட்டா மூட்டையை அடுக்கி வைத்திருப்பதுபோல. நேற்று சரோஜா அக்கா நேராகவே கேட்டுவிட்டாள்: "இன்னா ஆனந்தா, இம்மாந் தோட்டா வாங்கிகினு யார சுடப் போறாங்களாம்? உம் பொண்டாட்டி அங்கதான சுடக் கத்துக் குடுத்துகினு கீது, கேட்டுச் சொல்லேன்." டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். நீதான் சொல்ல வேண்டும்.

இன்னொரு சேதி. தோட்டா வந்தால் சுட்டுப் பழக இடம் வேண்டுமாம். போன ஆனியில் ஜீப்பில் வந்து நம் ஊர்க் கல்குவாரியை அளந்துவிட்டுப் போனார்களே, அது அதற்குத்தானாம். கல்பாக்கம் அணுமின் நிலைய வாசலில் காவல் நிற்கிற படைக்காரர்கள் இனி தூரதேசம் போகாமல் இங்கேயே பயிற்சி எடுப்பார்கள், சொல்லிக் கொடுக்க இந்த ஜில்லாக்காரர்களையே போடுவார்கள் என்கிறார்கள். இந்த ஜில்லாவிலிருந்து அங்கே சொல்லிக் கொடுப்பவர் எத்தனை பேர், செல்வி? எனக்குத் தெரிந்து ஒருத்திதான்.

பஞ்சாயத்துத் தலைவர் திருநாவுக்கரசு குவாரி வேண்டாம் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு வீடு வீடாக அலைகிறார். பறவை பயப்படும் என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத ஊர் இது, அவர் அலைவதில் தப்பில்லை. என்னிடமும் வந்தார். நாளைக்குப் போடுகிறேன் என்றேன். அப்படிச் சொல்லி ஐந்தாறு நாள் ஆகிவிட்டது.

உன்
ஆனந்தன்

பயிற்சி மையம்,
மத்தியப் பிரதேசம்
23.11.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன், பிறகு சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படித்தேன். இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. நீங்கள் அனுப்பிய பூண்டு ஊறுகாய் பாதி பாட்டிலை என்னோடு தங்கியிருக்கிற பஞ்சாபிப் பெண் காலி செய்துவிட்டாள். அடுத்த தடவை இரண்டாக அனுப்புங்கள், ஒன்றை ஒளித்து வைத்துக்கொள்கிறேன்.

சரோஜா அக்காவுக்குப் பதில். அந்தக் கோடிக் கணக்கு இன்றைக்கு லாரியில் வந்து இறங்குகிற கணக்கு இல்லை. மதுராந்தகத்துப் பள்ளிக்கூடத்தோடு வேனுக்கு வருஷ ஒப்பந்தம் போட்டீர்களே, நினைவிருக்கிறதா? நாற்பது நடை வரைக்கும் இந்த வாடகை என்று எழுதினார்கள். நீங்களும் நாற்பது நடைக்கும் கனவு கண்டு புது டயர் வாங்கினீர்கள். கூப்பிட்டது பத்து நடையோ என்னவோ. இதுவும் அப்படித்தான். பல வருஷத்துக்கு, எல்லாப் படைக்கும் சேர்த்து, அதிகபட்சம் இவ்வளவு வரைக்கும் இந்த விலைக்குக் கேட்போம் என்று பேசி வைப்பது. கேட்காமலும் போவார்கள். படையில் இருக்கிற ஒவ்வொருவரும் வருஷா வருஷம் இலக்கைச் சுட்டுத் தேற வேண்டும். கை பழகாதவன் துப்பாக்கியோடு கூட்டத்துக்கு முன்னால் நிற்பதுதான் எனக்குப் பயம். அவன் கைதான் முதலில் நடுங்கும்.

ஆனால் அக்கா கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது மாமா. பயிற்சிக்கு எவ்வளவு, மற்றதற்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லிவிட்டால் டிவியில் இத்தனை சண்டை வராது. அதை எங்களுக்கே யாரும் சொல்வதில்லை. கேட்கிற ஜனத்தைத் தேசத்துரோகி என்று இங்கே சிலர் பேசும்போது எனக்கு எரிச்சலாக வருகிறது. வரி கட்டுகிறவர்கள் கேட்கத்தான் செய்வார்கள்.

குவாரி சேதி உண்மைதான். எங்கள் மேலதிகாரி ஜானகிராமன் சார் கூப்பிட்டுப் பேசினார். இடம் முடிவானால் சொல்லிக் கொடுக்கப் போகிறவர்களில் முதல் பெயர் என்னுடையது. அதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, ஊர்க்காரி என்பதால் அந்த இடத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கச் சொன்னார்.

அளக்க வந்தவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? பக்கத்தில் ஒரு வறண்ட ஏரி உண்டு, பறவை எதுவும் காணப்படவில்லை. ஆனி மாதத்தில் வந்து நம் ஏரியைப் பார்த்தால் வேறு எப்படி எழுதுவார்கள்? மாடுதான் மேய்ந்துகொண்டிருந்திருக்கும்.

நான் என்ன எழுதட்டும்? சொல்லுங்கள்.

உங்கள்
தமிழ்ச்செல்வி

வேடந்தாங்கல்
4.12.2025

அன்புள்ள செல்விக்கு,

எதுவும் எழுதாதே. இதுதான் என் பதில். பொறுமையாகப் படி.

ஆனியில் ஏரி வறண்டிருந்தது உண்மைதானே? நீ பொய் சொல்லவில்லை, அவர்களும் சொல்லவில்லை. குவாரி ஏரியை ஒட்டியா இருக்கிறது? நடுவில் வயல் கிடக்கிறது, ரோடு கிடக்கிறது. சனி, ஞாயிறில் டூரிஸ்ட் பஸ்காரன் அடிக்கிற ஹாரனுக்கே இந்த நாரைகள் தலையைத் திருப்புவதில்லை. பழகிக்கொள்ளும். இங்கே பிடிக்காவிட்டால் றெக்கை இருக்கிறது, பக்கத்துக் கரிக்கிலி ஏரிக்குப் போய்க்கொள்ளட்டும். உனக்குத்தான் றெக்கை இல்லை.

இந்த ஊரில் பிறந்தவன் இப்படி எழுதலாமா என்று நீ நினைப்பாய். பறவை எச்சம் கலந்த தண்ணீரில் விளைந்த நெல்லைத் தின்று வளர்ந்த உடம்புதான் இது. அதெல்லாம் தெரிந்துதான் எழுதுகிறேன். ஸ்வாதி பள்ளிக்கூடத்தில் குடும்பப் படம் வரையச் சொன்னார்களாம். நான், அவள், அக்கா, வேன், ஒரு செல்போன். அந்தப் போனுக்குள் நீ. டீச்சர் நன்றாக இருக்கிறது என்று ஸ்டார் போட்டுக் கொடுத்திருக்கிறார். நான் அதைப் பீரோவுக்குள் வைத்துவிட்டேன், என்னால் பார்க்க முடியவில்லை.

நீ இல்லாமல் எனக்கு முடியவில்லை செல்வி. போனில் சொல்ல வெட்கம், அதனால் எழுதுகிறேன். தெற்குப் பக்கத்து அறையை ஒழித்து வெள்ளை அடித்துவிட்டேன். ஒரு பக்கம் எழுதாமல் விட்டால் நீ வீட்டுக்கு வந்துவிடுவாய். எழுத நேரம் இல்லை என்று சொல்லிவிடு.

தலைவர் இன்றைக்கும் வந்தார். ஊரில் கையெழுத்துப் போடாத வீடு நம்முடையது மட்டும்தானாம். தெரியும் என்றேன்.

உன்
ஆனந்தன்

பயிற்சி மையம்
17.12.2025

அன்புள்ள மாமாவுக்கு,

எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இதை முதலிலேயே சொல்லிவிட்டேன், கோபம் வந்தால் மேலே படிக்காமல் மடித்து வைத்துவிட்டு, ஆறியதும் படியுங்கள். உங்களிடம் கேட்டுவிட்டு உங்கள் பேச்சைத் தட்டினேன். அது தப்புதான். கேட்காமல் இருந்திருக்கலாம், ஆனால் கேட்காமல் எனக்கு எதையும் செய்து பழக்கமில்லை.

உங்கள் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு நான்கு நாள் பயிற்சித் திடலுக்குப் போனேன். எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் மனசு சொன்னது. ஸ்வாதியின் படத்தைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தில் காகிதமே நைந்துவிட்டது. ஆனால் திடலைச் சுற்றி இங்கே பெரிய பெரிய வேப்ப மரங்கள் நிற்கின்றன மாமா. நான் வந்து இத்தனை வருஷத்தில் அதில் ஒரு காக்கை உட்கார்ந்து பார்த்ததில்லை. ஒரு கூடு கிடையாது. ஆடியில் உதிர்ந்த பழம் தரையில் அப்படியே காய்ந்து கிடக்கிறது. இதுவரை அதை நான் கவனித்ததே இல்லை. உங்கள் கடிதம் வந்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். ஹாரனுக்குப் பழகலாம். ஒரு நாளில் பல நூறு தடவை இடி விழுந்தால் எதுவும் பழகாது. நாங்கள் அதிகம் சுடுகிற காலமும் கார்த்திகை முதல் மாசி வரைதான், உங்கள் நாரை முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிற அதே காலம். தாய் பதறிப் பறந்தால் முட்டையைத் தூக்கிக்கொண்டு போகக் காக்கை காத்திருக்கும். இது நீங்கள் எனக்குக் கரையில் நிறுத்திச் சொன்னது.

கல்யாணமாகி வந்த புதிதில், தீபாவளிக்கு விவரம் தெரியாமல் புதுப்பட்டினத்துக் கடைத்தெருவிலிருந்து ஒரு பெட்டி நிறைய வெடி வாங்கி வந்து உங்கள் வீட்டு நடுக்கூடத்தில் வைத்தேனே. பிள்ளைகள் பெட்டியைப் பார்த்தார்கள், தொடவில்லை. நீங்கள் பெட்டியையும் என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டு போய்ச் சதுரங்கப்பட்டினம் கடற்கரையில் எல்லாவற்றையும் வெடிக்க விட்டீர்கள். அன்றைக்குத்தான் நான் உங்களை நிஜமாகக் கட்டிக்கொண்டேன். நம் ஊருக்கு இன்னொரு பெட்டியோடு என்னால் வர முடியாது.

இடம் வேண்டாம் என்று நான் எழுதவில்லை. தை மாதத்தில் ஒரு தடவை வந்து ஏரியைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று மட்டும் எழுதினேன். ஜானகிராமன் சார் படித்துவிட்டு, இதனால் உனக்கு என்ன போகும் என்று தெரியுமா என்றார். தெரியும் என்றேன்.

திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள்
செல்வி

பயிற்சி மையம்
11.1.2026

அன்புள்ள மாமாவுக்கு,

உங்களிடமிருந்து கடிதம் இல்லை. போனில் ஸ்வாதியிடம் அப்பா எங்கே என்றால், வேனைத் துடைக்கிறார் என்கிறாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதே பதில். அந்த வேன் இத்தனை சுத்தமாக ஒருநாளும் இருந்திருக்காது.

பொங்கலுக்கு லீவு கிடைக்கவில்லை. தோட்டா வந்து இறங்கியிருக்கிறது. டிவியில் காட்டிய மலையைக் காணோம், வழக்கமான பெட்டிகள்தான், வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவு. சரோஜா அக்காவிடம் சொல்லுங்கள். சொல்லிவிட்டேன் என்று எனக்கு எழுதக்கூட வேண்டாம்.

ஊறுகாய் வந்து சேர்ந்தது. இரண்டு பாட்டில். கோபத்திலும் இரண்டாக அனுப்பியிருக்கிறீர்களே என்று அதைப் பார்த்துத்தான் கொஞ்சம் தைரியமாக இருக்கிறேன்.

உங்கள்
செல்வி

வேடந்தாங்கல்
28.1.2026

அன்புள்ள செல்விக்கு,

கோபம் இருந்தது. மறைக்க மாட்டேன். வெள்ளை அடித்த அறையைப் பார்க்கும்போதெல்லாம் வந்தது. உன்னோடு பேசினால் ஏதாவது சொல்லிவிடுவேன் என்றுதான் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பொங்கல் முடிந்த வாரம் ஜீப் வந்தது. மூன்று அதிகாரிகள். குவாரிக்கு வழி கேட்டார்கள், நான்தான் முன்னால் வேனில் போனேன். போகிற வழியில் ஏரிக்கரையில் நிறுத்தினேன். நீ சொல்லித்தான் நிறுத்தினேன் என்று வைத்துக்கொள். மரம் தெரியாமல் பறவை. வயதான அதிகாரி ஒருவர் தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார். குஞ்சுகள் போடுகிற சத்தத்தில் பக்கத்தில் பேசுவது கேட்கவில்லை. அப்படியே ஜீப்பில் ஏறித் திரும்பிப் போய்விட்டார்கள், குவாரியைப் பார்க்கவே இல்லை. நீ வர மாட்டாய் என்று அந்தக் கரையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அழுகை வந்தது. கூடவே, உன்னைக் கட்டிக்கொண்டதற்குக் கர்வமாகவும் இருந்தது.

முந்தாநாள் குடியரசு தினக் கிராம சபை. குவாரியைக் கைவிட்டார்கள் என்று தலைவர் அறிவித்தார், கைதட்டல். ஊரே கையெழுத்துப் போட்ட நம் தீர்மானம்தான் தடுத்தது என்றார். கையெழுத்துப் போடாத ஒரு வீட்டைப் பற்றியும் ஜாடையாகச் சொன்னார். நான் எழுந்துவிட்டேன். "தடுத்தது உங்க தீர்மானம் இல்ல தலைவரே. எம் பொண்டாட்டி. இங்க வேல கெடைக்க இருந்துது, அத வுட்டுட்டு ஒரு பக்கம் எழுதிக் குடுத்துச்சி" என்றேன். இதை வெளியில் சொன்னதற்கு நீ என்னைத் திட்டலாம். திருநாவுக்கரசுக்கு முகம் சுருங்கிவிட்டது. பிறகு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார், பாவம் நல்ல மனுஷன்.

சரோஜா அக்கா மட்டும் பின்வரிசையிலிருந்து கேட்டாள்: "உம் பொண்டாட்டி இங்க வராது, சரி. நீ எப்பய்யா அங்க போற?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கா கேலிக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள். அங்கே குடும்பத்துக்கு வீடு தருவார்கள் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனியில் ஏரியும் இருக்காது, வேனுக்கு ஓட்டமும் இருக்காது. நம் நிலத்தைக் குத்தகைக்குப் பார்வதம் அக்கா மகனிடம் பேசிவிட்டேன். ஸ்வாதிக்கு முழுப் பரீட்சை முடிந்ததும் புறப்படுகிறோம். வேன் ஓட்டத் தெரிந்தவனுக்கு எந்த ஊரிலும் சோறு கிடைக்கும், இந்திதான் வராது, ஹாரன் அடித்துச் சமாளித்துக்கொள்கிறேன். இந்தப் பறவைகள் எங்கிருந்தோ வருஷா வருஷம் இத்தனை தூரம் குடும்பத்தோடு வருகின்றன, எனக்கென்ன கேடு.

வீட்டுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடு. இதையும் ஒரு பக்கத்துக்குள் எழுது.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும், நேரில் வந்தால் மறந்துவிடுவேன். எப்போது வருவாய், எப்போது வருவாய் என்று கடிதத்துக்குக் கடிதம் ஏதாவது ஒரு வகையில் நான் கேட்டேன். நீங்கள் எப்போது வருவீர்கள் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லையே, ஏன் செல்வி? கேட்டிருந்தால் வந்திருப்பேனே.

உன்
ஆனந்தன்