அம்மா இருக்கும் ஊர்

உஸ்கென்,
பிப்ரவரி 11, 2018

அன்புள்ள அம்மாவுக்கு,

எல்நூரா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். தூர்சுன் அண்ணனின் பஸ் நாளை மாஸ்கோ கிளம்புகிறது. சிவப்பரிசியும் உலர்ந்த பாதாமிப் பழமும் கட்டி அவரிடம் கொடுத்திருக்கிறேன். அரிசிப் பைக்குள் இந்தக் கடிதம் இருக்கும்.

ஃபோனில் சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். ஃபோனை எடுத்தாலே ஜமீரா பெரியம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் அவர் நாலு வார்த்தை பதில் சொல்லிவிடுகிறார்.

மூன்று ஊர்களுக்கு விண்ணப்பித்திருக்கிறேன் அம்மா: மாஸ்கோ, அங்காரா, ஜப்பானில் நிகாட்டா என்று ஓர் ஊர். மாஸ்கோவில் கட்டடப் பொறியியல். அங்காராவில் புவியியல். நிகாட்டாவில் மண்சரிவைப் பற்றியே தனியாகப் படிக்கலாமாம். அங்கேயும் நம் மலைகள் போலத்தான், வசந்தம் வந்தால் வழுக்கி இறங்குமாம். போன மே மாதம் என் வகுப்பு அஸ்கரின் வீடு மண்ணுக்குள் போனதைச் சொன்னேனே, அன்றிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனம் போகவில்லை.

திங்கட்கிழமை ஓர் ஊர் பிடிக்கிறது, வியாழக்கிழமை அதே ஊர் கசக்கிறது. படுத்தால் தூக்கம் வருவதில்லை. பெரியம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. "அங்காராதான்டி. துருக்கிக்காரன் சாப்பாடு நம்ம சாப்பாடு மாதிரிதான். ஜப்பான்ல மீனைப் பச்சையாத் திங்கிறானாம், நீ முட்டை சரியா வேகலன்னாலே மூக்கைச் சுளிக்கிறவ" என்கிறார்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அன்புடன்,
எல்நூரா

*

மாஸ்கோ,
பிப்ரவரி 25, 2018

என் கண்ணே எல்நூரா,

அரிசி வந்தது, பாதாமி வந்தது, கடிதமும் வந்தது. கடிதத்தை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. பாதாமியை என்னோடு இந்த வீட்டில் தங்கியிருக்கும் பெண்கள் ஒரே மாலையில் தீர்த்துவிட்டார்கள்.

மூன்று ஊர் எதற்கு மகளே? ஓர் ஊரில் அம்மா இருக்கிறேனே!

படித்ததும் கை ஓடவில்லை. மருத்துவமனைச் சமையலறையில் என்னோடு வேலை செய்யும் சல்தனாத்திடம் சொன்னேன். "மக வந்துட்டா எங்களையெல்லாம் மறந்துடுவே, பாரு" என்று அழுவது போல நடித்தாள். பிறகு நிஜமாகவே அழுதாள். அவள் பையன் நம் நாட்டில், நாரினில் பாட்டியிடம் இருக்கிறான்.

நான் போன ஞாயிறு உன் பல்கலைக்கழகத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். உள்ளே விடவில்லை, வாசலோடு திரும்பினேன். அங்கே போக மெட்ரோவில் ஒரே ஒரு முறை மாறினால் போதும். பக்கத்தில் ஒரு கிழவி தன் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விடுகிறாள். ஜன்னல் தெற்குப் பக்கம். இரண்டு கட்டில் போடலாம். இந்த ஒன்பது பெண்கள் கூட்டத்திலிருந்து நான் வெளியே வந்து எத்தனை காலமாயிற்று தெரியுமா? வந்ததே இல்லை.

எட்டு வயதில் உன்னை அக்காவிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினேன். "ரெண்டு வருஷத்துல வந்துடுவேன்" என்றேன். பத்து ஆகிவிட்டது. இனி நான் அங்கே வராவிட்டால் என்ன, நீ இங்கே வா.

மண்சரிவை இங்கேயும் படிக்கலாம். இவ்வளவு பெரிய ஊரில் இல்லாத படிப்பா?

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா குல்பரா

*

உஸ்கென்,
மார்ச் 18, 2018

அன்புள்ள அம்மாவுக்கு,

அறையை இப்போதே எடுத்துவிடாதீர்கள். அவசரப்பட்டு முன்பணம் கொடுத்துவிட வேண்டாம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

மாஸ்கோவில் குளிர் அதிகம். எனக்குச் சளி சீக்கிரம் பிடிக்கும். ரஷ்ய மொழியில் நான் பேசுவேன், ஆனால் கணக்கு எழுதும்போது தடுமாறுகிறேன். நம் ஆட்களை அங்கே எப்படி நடத்துகிறார்கள் என்று ஊரில் ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். இதையெல்லாம் நான் யோசிக்க வேண்டாமா?

அங்காராவில் இடம் கிடைத்துவிட்டது. இரண்டு நாள் குதித்தேன். மூன்றாம் நாள் பெரியம்மா அங்கே இருக்கும், நம் பக்கத்து ஊர் ஜலாலாபாத் பையன் ஒருவனின் படத்தைக் காட்டினார். "சும்மா பாருடி, பார்த்தா கண்ணு தேஞ்சிடுமா?" என்றார். அந்த ஊர் மேல் இருந்த ஆசை அதோடு போயிற்று.

நிகாட்டாக்காரர்கள் ஓஷ் நகரில் கம்ப்யூட்டர் வழியாக நேர்காணல் எடுத்தார்கள். ஒரு பேராசிரியை, எழுபது வயது இருக்கும், "உங்கள் ஊர் மண் ஈரமானால் என்ன நிறம்?" என்று கேட்டார். யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. மஞ்சளில் தொடங்கி, அஸ்கரின் வீட்டுக்கு மேலே தெரிந்த நீல நிறம் வரை சொல்லிக்கொண்டே போனேன். நேரம் முடிந்தும் அவர் நிறுத்தச் சொல்லவில்லை.

ஆனாலும் முடிவு எடுக்கவில்லை. நடக்கிறேன், சந்தை வரை போகிறேன், ஒன்றும் வாங்காமல் திரும்புகிறேன். "பேய் பிடிச்சவளாட்டம் சுத்துறியே" என்கிறார் பெரியம்மா.

நவ்ரூஸ் புத்தாண்டு வாழ்த்துகள் அம்மா.

எல்நூரா

*

மாஸ்கோ,
ஏப்ரல் 2, 2018

என் கண்ணே,

அறையை எடுத்தாகிவிட்டது. உன் கடிதம் வரும்போது நான் திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தேன். பச்சை நிறம். பச்சை உனக்குப் பிடிக்கும் அல்லவா?

குளிருக்குக் கோட்டு இருக்கிறது. மொழிக்கு, கிழவி பழைய பள்ளி ஆசிரியை, தினமும் சொல்லித் தருவாள். நம் ஆட்களை நடத்துவதைப் பற்றிக் கேட்டாய். நல்லவர்களும் இருக்கிறார்கள், மற்றவர்களும் இருக்கிறார்கள். தலையைக் குனிந்து நடந்தால் ஒரு வம்பும் இல்லை.

பள்ளியில் பொய் சொன்ன பிள்ளை ஒரு காரணம் கேட்டால் மூன்று சொல்லுமே, உன் கடிதம் அப்படி இருக்கிறது எல்நூரா. அந்த ஜப்பான் கிழவியைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கிறாய். அம்மாவைப் பற்றி ஒரு வரி இல்லை.

உண்மையைச் சொல். நான் கோபிக்க மாட்டேன்.

அம்மா

*

உஸ்கென்,
ஏப்ரல் 22, 2018

அம்மா,

உண்மையைக் கேட்டீர்கள்.

மாஸ்கோ எனக்குப் பிடிக்காமல் இல்லை. உங்களோடு ஒரே அறையில் இருக்கப் பயமாக இருக்கிறது.

நாலு வருடத்துக்கு முன்னால் பெரியம்மா மகளின் கல்யாணத்துக்கு வந்தீர்கள். நான் பஸ் நிலையத்துக்கு ஓடி வந்தேன். கூட்டத்தில் உங்களைத் தாண்டிப் போய்விட்டேன். நீங்கள்தான் கையைப் பிடித்து நிறுத்தினீர்கள். அன்று இரவு நீங்கள் வாங்கி வந்த சட்டையைப் போட்டுப் பார்த்தேன், கை முழங்கை வரைதான் வந்தது. "வளந்துட்டே" என்று சிரித்தீர்கள். பிறகு கொல்லைப்பக்கம் போய் வெகுநேரம் வரவில்லை. பத்து நாளும் நான் தண்ணீர் கொண்டுவரும்போது "நன்றி" சொன்னீர்கள். பெரியம்மா எனக்கு நன்றி சொன்னதே இல்லை. "சீக்கிரம் கொண்டாடி கழுதை" என்பார்.

எனக்குப் பச்சை நிறம் பிடிக்காது அம்மா. சின்ன வயதில் பிடித்ததோ என்னவோ.

காலையில் எழுந்தால் உங்களிடம் என்ன பேசுவேன்? எனக்காகத்தான் பத்து வருடம் பாத்திரம் கழுவினீர்கள் என்று ஊரே சொல்கிறது. அந்த அறையில் நான் முகம் சுளித்தால்கூடத் தப்பாகிவிடும். விருந்தாளி மாதிரி நான்கு வருடம் உட்கார்ந்திருக்க என்னால் முடியாது.

நிகாட்டாவில் இடம் கிடைத்துவிட்டது. உதவித்தொகையும் உண்டு. அக்டோபரில் வகுப்பு. சரி என்று எழுதிவிட்டேன். உங்களிடம் கேட்காமல் எழுதினேன்.

எல்நூரா

*

மாஸ்கோ,
ஜூன் 3, 2018

எல்நூரா,

கோபிக்க மாட்டேன் என்றேன். கோபித்தேன். இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். ஒன்றில் உன்னை உன் அப்பனோடு ஒப்பிட்டிருந்தேன். அவனும் கேட்காமல்தான் போனான், ஜலாலாபாத்துக்கு, இன்னொருத்தியோடு. அதை அனுப்பாமல் விட்டது நல்லது.

அக்கா அழைத்தபோது ஃபோனை எடுக்கவில்லை. வேலைக்குப் போனேன், வந்தேன், அந்தத் திரைச்சீலையைப் பார்த்தபடி படுத்திருந்தேன். என் வயிற்றில் பிறந்தவள் என்னை "நீங்கள்" என்கிறாள், அக்காவோடு வாய்க்கு வாய் சண்டை போடுகிறாள். அக்காவின் மேல் எனக்குப் பொறாமை. உன்னை வளர்த்துக் கொடுத்தவள் மேல் பொறாமைப்படுகிறேன், பார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அறையை எடுத்த வாரம், உனக்கு முதல் நாள் என்ன சமைப்பது என்று யோசித்தேன். தெரியவில்லை. அக்காவை அழைத்துக் கேட்டேன். "ஏன்டி, உன் மகளுக்கு என்ன பிடிக்கும்னு என்கிட்ட கேக்குறியே" என்று சிரித்தாள். அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். அன்றிலிருந்து எனக்கும் பயம்தான். நீ வருவாயோ என்று பயந்தேன், வரமாட்டாயோ என்றும் பயந்தேன்.

நிகாட்டாவுக்குப் போ. மண்ணின் நிறத்தைக் கேட்ட அந்த அம்மாளிடம் நன்றாகப் படி. இங்கே பல்கலைக்கழகத்துக்கு நீ வரவில்லை என்று நீயே எழுதிவிடு. எனக்கு அதை எழுதக் கை வராது.

மாதக் கடைசியில் இந்த அறையை விட்டுவிடுகிறேன். பழைய வீட்டில் என் கட்டில் இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம்.

அம்மா

*

உஸ்கென்,
ஜூன் 17, 2018

அன்புள்ள அம்மாவுக்கு,

அறையை விடாதீர்கள்.

ஜப்பானுக்கு விமானம் மாஸ்கோ வழியாகவும் போகிறது. ஆகஸ்ட் கடைசியில் வந்து, செப்டம்பர் முழுக்க உங்களோடு இருந்துவிட்டு, அங்கிருந்து கிளம்புகிறேன். நான்கு வருடம் என்றால் மூச்சு முட்டுகிறது. ஒரு மாதம் என்றால் வரலாம் போலிருக்கிறது. இப்படிச் சொல்வது உங்களைப் புண்படுத்துமா என்று தெரியவில்லை.

பெரியம்மாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு மாவைப் பிசைந்துகொண்டே இருந்தார். "போய்ட்டு வா. அவளும் உன்னை மாதிரிதான், மனசுல இருக்கறதைக் கடைசியிலதான் சொல்லுவா. ரெண்டு பேரும் நல்லா சண்டை போடுங்க" என்றார். முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பவே இல்லை.

நீங்கள் எனக்காக எதுவும் சமைத்து வைக்க வேண்டாம். வந்து சேர்ந்து சமைக்கலாம்.

எல்நூரா

*

மாஸ்கோ,
நவம்பர் 4, 2018

என் எல்நூராவுக்கு,

நிகாட்டாவிலிருந்து நீ அனுப்பிய அட்டை வந்தது. இவ்வளவு சின்னதாக எழுதினால் எப்படிப் படிப்பது? கிழவியின் கண்ணாடியை வாங்கிப் படித்தேன்.

விமான நிலையத்தில் நான் ஒன்றும் பேசாமல் நின்றதற்குக் கோபம் காரணம் இல்லை. அந்தச் சண்டையை அப்போதே மறந்துவிட்டேன். மறக்கவில்லை, சரி. நினைத்துப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

மெட்ரோவில் நீ உரக்க நம் மொழியில் பேசிச் சிரித்தபோது உன் கையைக் கிள்ளினேன். எல்லோரும் பார்க்க, "எதுக்கு நீங்க இப்படிப் பயந்து சாகுறீங்க? நாம என்ன திருடிட்டா வந்தோம்?" என்று கத்தினாய். நான் வீட்டுக்கு வந்து, "நீ விமானம் ஏறிப் போயிடுவே. நாளைக்கு இதே வண்டியில நான்தான்டி போகணும்" என்று கத்தினேன். கிழவி சுவரைத் தட்டினாள். இரண்டு நாள் நாம் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் நீ எழுந்து தேநீர் ஊற்றி, கிண்ணத்தை என் முன்னால் டங்கென்று வைத்தாய். நானும் நன்றி சொல்லவில்லை. நல்ல தேநீர்கூட இல்லை அது.

நீ போன பிறகு உன் கட்டிலை மடித்து வைக்க வேண்டும் என்றாள் கிழவி. இன்னும் வைக்கவில்லை. வைப்பேன்.

இதை உன்னிடம் எப்படிச் சொல்வது? பத்து வருடம் நான் அழுதது எட்டு வயதுக் குழந்தைக்காக. அந்தக் குழந்தை எங்கேயும் இல்லை, அது எனக்கும் உள்ளூரத் தெரியும். இப்போது அழுகை வந்தால், கதவைச் சாத்தாமல் போகிற, சூப்பில் மிளகை அள்ளிக் கொட்டுகிற, தூக்கத்தில் பல்லைக் கடிக்கிற ஒருத்திதான் கண்முன் நிற்கிறாள். முன்பைவிட இது அதிகமாக வலிக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்த கோடையில் நீ உஸ்கெனுக்குப் போவதானால் எனக்கு முன்கூட்டியே எழுது. நானும் விடுப்புக் கேட்கிறேன். கொடுக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு வருகிறேன். அக்காவின் வீட்டில் மூன்று பேரும் எப்படி அடங்கப் போகிறோமோ!

நேற்று சமையலறையில் சல்தனாத் கேட்டாள்: "உன் மக எப்படி, நல்ல பொண்ணா?" முன்பெல்லாம் யாராவது கேட்டால் "நல்லாப் படிக்கிறா" என்பேன், அதோடு முடிந்துவிடும். நேற்று உன்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். உன் பிடிவாதத்தைச் சொன்னேன், ஈர மண்ணைக் கண்டால் நீ குனிந்து முகர்ந்து பார்ப்பதைச் சொன்னேன், மெட்ரோ சண்டையை நடித்தே காட்டினேன். நாற்பது நோயாளிகளின் கஞ்சி அடிபிடித்துவிட்டது. திட்டு வாங்கினோம், இரண்டு பேரும். அப்போதும் நான் சொல்லி முடிக்கவில்லை.

அம்மா