வண்டிக்காரன் பிள்ளைக்குப் பால்

1913 நவம்பர் 4, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். துணி ஒன்றும் காயவில்லை. கொழும்பில் இருக்கும் இளையவன் தாவீதுக்குக் கடிதம் எழுத வேண்டும். மறக்குமுன் குறிப்பு:

பெரியவன் மகன் ஞானமுத்து மெட்ரிகுலேஷன் தேறினான், முதல் தடவையிலேயே. அவன் தங்கை கிரேஸுக்குத் தையலில் முதல் பரிசு, துரைசானி அம்மாள் கையால். சின்னவன் சாமு கோவிலில் பாட்டு முழுவதும் புத்தகம் பாராமல் பாடினான். ஒரு இடத்தில் தடுக்கினான். அதுவும் பின்னால் எவனோ தும்மியதால். தாவீதின் சொந்த மகள் ஜெபமணிக்கு ஆறு மாதம், அதற்குள் கீழ்ப்பல். இந்த வீட்டில் யாருக்கும் இவ்வளவு சீக்கிரம் பல் வந்ததில்லை.

பெருமை பாவம்தான். எழுதியாயிற்று.

ஆற்றில் புதுத் தண்ணீர். வண்டிக்காரத் தெருவில் பேதி. சுடலைமுத்துவின் பெண்சாதி நேற்றுப் போய்விட்டாள். கைக்குழந்தை ஒன்று, பெண்.

சாயங்காலம் பெண்கள் ஜெபக்கூட்டம். அந்தக் குழந்தைக்காக நான்தான் ஜெபித்தேன், நீளமாக. ஆண்டவரே, பால் கொடுக்க ஒரு தாயை அனுப்பும் என்று. எல்லாரும் ஆமென். பக்கத்து வீட்டு எஸ்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சுக்குக் காப்பி.

5, புதன்

மழை விட்டது. ஆட்டைக் கறந்து, தண்ணீர் சேர்த்துக் காய்ச்சி, பால் புகட்டுகிற சங்கை எடுத்துக்கொண்டு போனேன். சுடலைமுத்து வாசலில் குந்தியிருந்தான்.

"உள்ள வராதீய ஆச்சி. சீக்கு வந்த வீடு."

"என் வயசுக்கு இனி என்ன சீக்கு? வழிய விடுலே."

குழந்தை ஆவலாகத்தான் குடித்தது. எல்லாவற்றையும் கக்கிவிட்டது. சாயங்காலமும் அப்படியே. நாளைக்கு இன்னும் தண்ணீராக.

அரிசி களைய மறந்தேன். பாக்கியம் பார்த்துக்கொண்டாள். தாவீதின் பெண்சாதி, நல்ல கைகாரி.

6, வியாழன்

வெயில். கக்கல்தான். அழுகைகூடச் சுருங்கிவிட்டது, பூனைக்குட்டி போல. ஆஸ்பத்திரி டிரெஸ்ஸரைக் கூட்டிப்போய்க் காட்டினேன்.

"ஆட்டுப்பால் இதுக்குச் சேரல அம்மா. சீக்கெல்லாம் இல்ல, பசிதான். தாய்ப்பால் கிடைச்சாப் பிழைச்சுக்கிடும். இல்லேன்னா ஞாயித்துக்கிழமை தாண்டாது."

யாரைக் கேட்பது என்று தெருத்தெருவாக யோசித்துக்கொண்டே வீடு வந்தேன். கொல்லையில் பாக்கியம். பால் கட்டிக்கொண்டதாம். பீய்ச்சி, யார் காலும் படக்கூடாது என்று முருங்கை மூட்டில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை நான் உரக்கக் கேட்ட தாய் என் வீட்டு முருங்கை மூட்டில் நிற்கிறாள். அனுப்பும், அனுப்பும் என்றேனே. எனக்கே சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பு இல்லை.

"பாக்கியம், அந்தப் பிள்ளைக்கு நீதான் பால் குடுக்கணும்."

"அவியகிட்ட ஒரு வார்த்தை கேக்காம எப்படி அத்தை?"

"கொழும்புக்குக் காயிதம் போயி வாரதுக்குள்ள பிள்ளை போயிரும். அவன் சத்தம் போட்டா நான் பாத்துக்கிடுதேன். அவனைப் பெத்தவ நான்."

"ஜெபமணிக்கு ஏதாவது வந்துட்டா?"

சீக்கு இல்லை, பசிதான் என்று டிரெஸ்ஸர் சொன்னதைச் சொன்னேன். வேப்பிலை போட்டுக் குளிப்பாட்டுகிறேன், துணியெல்லாம் நான் கொதிக்க வைக்கிறேன், முதலில் ஜெபமணி, அப்புறம்தான் அது என்றேன். பாக்கியம் உள்ளே போய்விட்டாள்.

மாமியார் எதை எதையோ சொல்லிச் செய்ய வைக்கலாம். இதை முடியாது. அவள் உடம்பு, அவள் பிள்ளை. அதற்குமேல் நான் வாய் திறக்கவில்லை. ஆண்டவரிடமும் நீளமாக ஒன்றும் சொல்லவில்லை.

7, வெள்ளி

நான் எழும்புமுன் அடுப்பு எரிகிறது. பாக்கியம்.

"வெந்நி போட்டாச்சு அத்தை. போயித் தூக்கிட்டு வாங்க."

கால் வலி தெரியவில்லை. தூக்கி வந்தேன். பஞ்சு மாதிரி கனமே இல்லை. சுடலைமுத்து பின்னாலேயே வந்து படலுக்கு வெளியே நின்றுவிட்டான்.

"எங்க பிள்ளைய உங்க வீட்டுக்குள்ளயா ஆச்சி?"

"பின்ன, தெருவுல வச்சா பால் குடுப்பாக?"

குளிப்பாட்டிப் பாக்கியம் மடியில் போட்டேன். முதலில் சப்பவே தெரியவில்லை. அதன் உதட்டில் பாலைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். வெகு நேரம். பிறகு ஒரே பிடி.

"யம்மா, என்னா இழு இழுக்கா!" என்று சிரித்தாள், கண்ணில் தண்ணீரோடு. கக்கவில்லை. தூங்கியது. நான் போய்ச் சொன்னதும் வெளியே சுடலைமுத்து தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

எஸ்தர் சுவருக்கு மேலே தலை நீட்டி, "கோவில் உபதேசியார் வீட்டு மருமக வண்டிக்காரன் பிள்ளைக்கா பால் குடுக்கா? ஜெபிச்சது பத்தாதாக்கும்?"

"நீயும்தான ஆமென் போட்ட? வந்து துணிய அலசு."

தலை மறைந்தது. மதியத்துக்குமேல் சுவருக்கு மேலாக ஒரு மூட்டை வந்து விழுந்தது. பழைய மல் வேட்டி, கிழித்து மடித்தது.

9, ஞாயிறு

குழந்தை இருக்கிறது. அழுகை தெருவரை கேட்கிறது. ஜெபமணிக்கு ஒன்றுமில்லை, ஸ்தோத்திரம்.

கோவிலில் இரண்டு பேர் பாய் தள்ளி உட்கார்ந்தார்கள். உட்காரட்டும், எனக்குக் கால் நீட்ட இடம் கிடைத்தது. பாதிரி ஐயர் தேவசித்தத்தின் பெரிய காரியங்களைப் பற்றிப் பிரசங்கம். நன்றாகத்தான் சொன்னார். என் அஞ்சாம் வகுப்புப் படிப்புக்கு அவ்வளவு தூரம் எட்டவில்லை. இந்தப் பிள்ளையை வைத்து ஆண்டவர் என்ன செய்வாரோ. பெரிய காரியமோ, இல்லை சோறாக்கிப் பிள்ளை வளர்க்கிற காரியமோ. எதுவானாலும் இன்று காலை அதற்குப் பால் வேண்டும். எங்கள் பங்கு அவ்வளவு. பல் முளைக்கும்வரை விடுவதாக இல்லை.

10, திங்கள்

மேகம். உப்பு வாங்க வேண்டும். எஸ்தரின் தம்பியும் கொழும்பில்தான். அவன் வாயால் தெரியுமுன் தாவீதுக்கு நானே எழுத வேண்டும். இப்படி:

பாக்கியம் உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தாள். சொன்னது நான், செய்தது அவள். கோபமானால் எனக்கு எழுது, அவளுக்கு எழுதாதே. சுவரில் மாட்டியிருக்கிற படத்தில் நீ முகத்தை உர்ரென்று வைத்திருக்கிறாய். அந்தப் பிள்ளையை மடியில் எடுக்கும்போதெல்லாம் அவள் உன் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுகிறாள். கொஞ்சம் சிரித்த முகமாகப் புதுப் படம் ஒன்று பிடித்து, உடனே தபாலில் போடு.