சயாமா பிரிக்காத உறை

2003 ஜூன் 12, வியாழன்

உலகத்தாருக்கு ஓர் அறிவிப்பு: என் மேலுதட்டில் ஐந்தாவது மீசைமுடி முளைத்துவிட்டது.

மற்றதெல்லாம் குமட்டல். தம்பி மக்கு, பள்ளிக்கு லாயக்கில்லை என்று தலைமையாசிரியை, பர்மியப் பேச்சில் ‘சயாமா’, முடிவுகட்டிவிட்டார். அவனுக்கு மூளை சரி, காதுதான் மந்தம் என்று அம்மா வெளி டாக்டரிடம் காட்டிக் கடிதம் வாங்கியிருந்தாள். சயாமா உறையைப் பிரிக்கவே இல்லை. அதன்மேல் தேநீர்க் கோப்பையை வைத்தார்.

“எங்க சோதனையே போதும். வெளி ஆள் சொல்றது இங்க செல்லாது.”

“பெத்தவ கேக்குறேன் சயாமா, படிச்சாவது பாருங்க.”

சயாமாவை நான் கிழிகிழியென்று கிழித்ததாக எங்கள் லத்தா தெருப் பையன்களிடம் அளந்தாயிற்று.

உண்மையில், “நான் சொல்றது சரிதானே?” என்று அவர் என்னைப் பார்த்ததும், வகுப்பில் நிற்பதுபோல் கைகட்டி, “சரிங்க சயாமா” என்றேன். அம்மா உறையின் ஈரத்தைத் துடைத்தாள். ஐந்து முடியும் அப்போது உதட்டில்தான் இருந்தன.