ஓமத் தண்ணி

அன்புள்ள அம்மா,

கர்த்தர் கிருபையால் லீட்ஸில் சுகமாக இருக்கிறேன். உனக்குச் சாப்பாடு இறங்குகிறதா?

நேற்று ஆய்வகத்தில் சினைப்பைப் புற்றுநோய் செல் ஒன்றில் குரோமோசோம்களை எண்ணினேன். நாற்பத்தாறு இருக்க வேண்டியதில் எழுபத்திரண்டு. ஷிப்ட் விட்ட நேரத்துச் சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷன் மாதிரி நெரிசல் என்று சிரித்தேன். பிறகுதான் அந்த நோயாளியின் படிவத்தைப் பார்த்தேன். உன் வயது. மூன்று மாதமாக வயிற்று உப்புசம்.

நீயும் போனில் "வயிறு உப்பிகினே கீதுடா" என்றாய். "கேஸுமா, ஓமத் தண்ணி குடி" என்று வைத்துவிட்டேன். இதே வேலை பார்க்கிறவன் நான். வெட்கத்தில் பேச வாய் வரவில்லை, ஹெலன் அக்கா போனுக்கு எழுதி அனுப்புகிறேன்.

எல்லா உப்புசமும் அதுவாகாது. ஆனாலும் ஹெலன் அக்காவோடு நாளைக்கே செங்கல்பட்டு போய் ஸ்கேன் எடு. நான் வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

பிள்ளை சொன்னான் என்று இன்னும் தினமும் ஓமத் தண்ணி குடிக்கிறாயாமே. நிறுத்திவிடு, அம்மா.

உன் பென்னட்